பெரிய எண் ஒன்று கையில் இருக்கிறது: வகுப்பதா, சோதிப்பதா, கணினியிடம் விடுவதா?

“இது பகா எண்ணா? இல்லையென்றால் இதன் காரணிகள் என்ன?” வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் டியூஷன் எடுக்கும் எனக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்பார்கள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற அக்கா ஒருவர் கேட்பார். கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிற தம்பிகள் இதையே வேறு மாதிரி கேட்பார்கள்: “சார், வகுத்துப் பார்க்கிறதா, ஃபெர்மா முறையா, பைதானா, எது நல்லது?”

எல்லோருக்கும் ஒரே வழியைச் சொல்ல முடியாது. ஆறு இலக்க எண்ணுக்கு லேப்டாப்பைத் திறப்பது நேர விரயம். இருபது இலக்க எண்ணைக் கையால் வகுக்க உட்கார்ந்தால் ஆயுள் போதாது. ஆனால் இலக்கத்தை எண்ணிப் பார்ப்பது இரண்டாவது வேலைதான். அந்த எண்ணிடம் நமக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் வழியைத் தேடுவதால்தான் பாதிப் பேர் தேவையில்லாத கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது?

கேள்வி எது? “பகா எண்ணா?” என்பது ஒரு கேள்வி. “காரணிகள் என்ன?” என்பது வேறு கேள்வி. இரண்டும் ஒன்றுதான் என்று பள்ளியில் நம் மனதில் பதிந்துவிடுகிறது. 2-இன் 67ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 என்ற 21 இலக்க எண் வரும். இது பகா எண் இல்லை என்று பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ் 1876இல் காட்டிவிட்டார். ஆனால் அதன் காரணி ஒன்றுகூட அவரிடம் இல்லை. அமெரிக்கரான கோல் 1903இல்தான் 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டினார். இடையில் 27 வருடங்கள், “உடையும், ஆனால் எப்படி உடையும் என்று தெரியாது” என்ற நிலையிலேயே அந்த எண் இருந்தது. முதல் கேள்விக்குச் சுலபமான வழிகள் உண்டு. இரண்டாவதுக்கு இன்றுவரை எல்லா எண்ணுக்கும் பொருந்தும் வேகமான வழி நம் கணினிகளில் இல்லை.

இந்த இரண்டுமே தேவைப்படாத கேள்விகளும் நிறைய. 7-இன் 2024ஆம் அடுக்கின் கடைசி இலக்கம் என்ன? கடைசி இலக்கம் 7, 9, 3, 1 என்று நான்கு நான்காகச் சுழல்கிறது. 2024 நான்கால் மீதியின்றி வகுபடுவதால் விடை 1. 100-இன் தொடர்பெருக்கம் (1 முதல் 100 வரை எல்லாவற்றையும் பெருக்கியது) எத்தனை பூஜ்யத்தில் முடியும்? ஐந்துகளை எண்ணினால் 20 + 4 = 24. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர்களைப் பார்த்திருப்பீர்கள். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், அப்புறம் கட்டம் கட்டிய ஒரு தனி இலக்கம். முன்னால் உள்ள பத்து இடங்களுக்கும் மதிப்புக் கொடுத்து, 1, 2, 4, 8 என்று இரண்டின் அடுக்குகளால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்த மீதிதான் அந்தத் தனி இலக்கம் (மீதி 10 வந்தால் 0 போடுவார்கள்). இங்கெல்லாம் மீதிதான் விஷயம். போட்டித் தேர்வுக்காரர்களுக்குப் பெரும்பாலும் வருவது இந்த வகைதான்; அவர்கள் காரணி தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

எண்ணின் நீளமும் அதன் கட்டமைப்பும். நீளமான எண் என்றால் கஷ்டம் என்று இல்லை. 6746328388800 பதின்மூன்று இலக்கம். காகிதத்தில் சில நிமிடங்களில் உடைந்துவிடும். 1022117 ஏழே இலக்கம். கையால் வகுத்தால் உயிரை வாங்கும். ஏன் என்று கீழே பார்ப்போம்.

கையில் என்ன கருவி? தேர்வறையா, வீட்டு மேசையா, கல்லூரி லேபா என்பதைப் பொறுத்தது.

எவ்வளவு உறுதி வேண்டும்? “கிட்டத்தட்ட நிச்சயம்” போதுமா, நிரூபணமே வேண்டுமா? புராஜெக்ட் எழுதுகிறவர்கள் இதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

## சோதனைக்கு நம் ஏரியா எண்கள்

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்கள் வேண்டும். எங்கேயும் போக வேண்டாம், வட சென்னையின் பின்கோடுகளே போதும். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி, 600-இல் தொடங்கும் ஆறு இலக்கங்கள். உள்ளே போனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

| இடம் | எண் | உடைத்தால் | மொத்தக் காரணிகள் |
|---|---|---|---|
| பெரம்பூர் | 600011 | பகா எண் | 2 |
| ராயபுரம் | 600013 | 53 × 11321 | 4 |
| திருவொற்றியூர் | 600019 | 7 × 85717 | 4 |
| வண்ணாரப்பேட்டை | 600021 | 3³ × 71 × 313 | 16 |
| வியாசர்பாடி | 600039 | 3² × 11² × 19 × 29 | 36 |

கடைசிப் பத்திக்கு எல்லாக் காரணிகளையும் எழுதிப் பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும். வியாசர்பாடிக்கு 3 × 3 × 2 × 2 = 36. பெரம்பூரும் வியாசர்பாடியும் அடுத்தடுத்த ஏரியா, எண்ணில் வித்தியாசம் வெறும் 28. ஒன்றுக்கு இரண்டே காரணி, இன்னொன்றுக்கு முப்பத்தாறு. எத்தனை முறை பார்த்தாலும் இது எனக்குச் சலிப்பதில்லை.

## வழி 1: கையால் வகுத்தல்

2, 3, 5, 7 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போவது. எண்ணின் வர்க்கமூலம் வரை போனால் போதும். அதுவரை எதுவும் வகுக்கவில்லை என்றால் அது பகா எண்தான். இதற்கு மேல் நிரூபணம் தேவையில்லை.

வியாசர்பாடியை எடுத்துக்கொள்வோம். 600039-இன் இலக்கக் கூட்டல் 18, ஆகவே 9ஆல் வகுபடும். ஈவு 66671. இதில் இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் 1 − 7 + 6 − 6 + 6 = 0, ஆகவே 11ஆல் வகுபடும். ஈவு 6061. மறுபடியும் 11. ஈவு 551, அதாவது 19 × 29. ஐந்து வரியில் முடிந்தது.

7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 7 × 11 × 13 = 1001. எண்ணை மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். ராயபுரத்துக்கு 600 − 13 = 587. இதை 7, 11, 13 எதுவும் வகுக்கவில்லை. ஆகவே 600013-ஐயும் வகுக்காது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் அப்புறம் விடமாட்டார்கள்.

ராயபுரம் 53 வரை போனால் உடைகிறது. 53 பதினாறாவது பகா எண், ஆகவே பதினாறு வகுத்தல். பொறுமை இருந்தால் முடியும். பெரம்பூர்தான் சோதிக்கும். 600011-இன் வர்க்கமூலம் 774-க்குக் கொஞ்சம் மேல். 774 வரை 137 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் வகுத்து, அத்தனையிலும் மீதி வருகிறது என்று பார்த்த பிறகுதான் பகா எண் என்று எழுதலாம்.

இந்த வழியின் மறைமுகச் செலவு அங்கேதான் இருக்கிறது. பகு எண் என்றால் காரணி கிடைத்த இடத்தில் நிறுத்திவிடலாம். பகா எண் என்றால் கடைசிவரை ஓட வேண்டும். நடுவில் ஒரு வகுத்தல் பிசகினாலும் விடை மொத்தமும் தவறு, பிசகியது வெளியேயும் தெரியாது.

கைக்கணக்கில் விடுபடுதல் யாருக்கும் நேரும். ராமானுஜன் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலித் தெருவில் குடியிருந்தார்; பிறகு கேம்பிரிட்ஜ் போனார். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி 1915இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் அப்படிப்பட்ட 102 எண்களின் பட்டியல் இருக்கிறது. அதில் கடைசி எண்தான் நான் மேலே சொன்ன 6746328388800. உடைத்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23, காரணிகள் 10080. அந்தப் பட்டியலில் 293318625600 விடுபட்டுப் போயிருக்கிறது. இந்த விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கிப் பாருங்கள், பட்டியலின் கடைசி எண்ணே வரும். கணினி இல்லாத காலத்தில் இவ்வளவு தூரம் போனதைத்தான் நான் பிள்ளைகளிடம் சொல்வேன். கூடவே, பட்டியல் போடும் வேலை என்றால் கையை மட்டும் நம்பாதீர்கள் என்றும் சொல்வேன்.

எப்போது இதுவே சிறந்தது: ஆறு இலக்கம் வரை, தேர்வறையில், சிறிய காரணிகள் இருக்கும் என்று தெரிந்த எந்த நீளமான எண்ணுக்கும், சொல்லிக் கொடுக்கும்போது எப்போதும்.

## வழி 2: சயின்டிஃபிக் கால்குலேட்டர்

கேசியோ 991 வகையில் ‘ஃபேக்ட்’ வசதி இருக்கிறது. எண்ணைத் தட்டினால் பகாக் காரணிகளாகப் பிரித்துத் தரும். வண்ணாரப்பேட்டையைப் போட்டால் உடனே 3³ × 71 × 313. பத்து இலக்கம் வரை எடுத்துக்கொள்ளும்.

ஆனால் அது தேடுவது சிறிய காரணிகளைத்தான். 1022117-ஐப் போட்டால் அடைப்புக்குறிக்குள் அதே எண்ணைத் திருப்பித் தரும். “என்னால் பிரிக்க முடியவில்லை” என்று அதற்கு அர்த்தம். பல பிள்ளைகள் இதைப் பகா எண் என்று எழுதிவிட்டு வருகிறார்கள். அடைப்புக்குறி வந்தால் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

எக்செல் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அது 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைக்காது. லூக்காஸின் 21 இலக்க எண்ணை அதில் போட்டால் கடைசி ஆறு இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். ஒற்றைப்படை எண்ணாக உள்ளே போனது, பத்தால் வகுபடும் எண்ணாக உட்கார்ந்திருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

எப்போது சிறந்தது: பத்து இலக்கத்துக்குள், உடனடி விடை வேண்டும், அடைப்புக்குறி வந்தால் என்ன செய்வது என்று தெரியும் என்றால்.

## வழி 3: ஃபெர்மாவின் வர்க்க வித்தியாச முறை

எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால் காரணிகள் கைக்கு வந்துவிடும். எட்டாம் வகுப்பில் படித்த a² − b² = (a − b)(a + b) என்ற முற்றொருமைதான்.

கால்குலேட்டர் கைவிட்ட 1022117-ஐ எடுங்கள். வர்க்கமூலம் 1011-க்குக் கொஞ்சம் குறைவு. 1011-இன் வர்க்கம் 1022121. அதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 4, அது 2-இன் வர்க்கம். ஆகவே எண் (1011 − 2) × (1011 + 2), அதாவது 1009 × 1013. ஒரே வரி! வகுத்துக்கொண்டே போயிருந்தால் 1009 வரை நடந்திருக்க வேண்டும்.

இதைப் பார்த்ததும் “இனி எல்லாவற்றுக்கும் இதுதான்” என்று தோன்றும். ராயபுரத்தில் போட்டுப் பாருங்கள். 53-உம் 11321-உம் ஒன்றுக்கொன்று வெகுதூரம். 775-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறி 5687 வரை போனால்தான் வர்க்கம் கிடைக்கும். மொத்தம் 4913 படி. வகுத்தல் பதினாறு படியில் முடித்த வேலை! காரணிகள் நெருக்கமாக இருந்தால் ஃபெர்மா, தூரமாக இருந்தால் வகுத்தல். எது என்று முன்கூட்டித் தெரியாது என்பதுதான் இதன் செலவு. அதனால் நான் சொல்லும் வழக்கம்: முதலில் சிறிய பகா எண்களால் கொஞ்சம் வகுத்துப் பாருங்கள், அப்புறம் ஃபெர்மாவில் நாலைந்து படி ஏறிப் பாருங்கள், அதற்குள் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

பழைய முறைதானே என்று ஒதுக்கவும் வேண்டாம். இரண்டு பகா எண்களை மிக நெருக்கமாகத் தேர்ந்தெடுத்துவிட்ட சில பிரிண்டர்களின் ரகசியச் சாவிகள் 2022இல் இதே முறையில் உடைந்தன.

## வழி 4: காரணி தேடாமல் பகா எண் சோதனை

“பகா எண்ணா இல்லையா” மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு இதுதான். பத்தாம் வகுப்பில் வரும் மட்டு எண்கணிதம் (மீதிகளை மட்டும் வைத்துக் கணக்கிடுவது) தெரிந்தால் இதைப் பின்தொடரலாம்.

ஃபெர்மா சொன்னது: 2-ஐவிடப் பெரிய ஒரு பகா எண்ணை எடுத்துக்கொண்டு, அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். மீதி வேறு வந்தால் அது கண்டிப்பாகப் பகா எண் இல்லை. மறுபக்கம்தான் சிக்கல், மீதி 1 வந்துவிட்டது என்பதற்காகப் பகா எண் என்று சொல்லிவிட முடியாது.

இதற்கு நல்ல உதாரணம் 1729. இரண்டு விதமாக இரண்டு கனங்களின் கூட்டலாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று ராமானுஜன் சொன்ன அதே எண். 1³ + 12³, 9³ + 10³. அதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 1729 = 7 × 13 × 19. ஒன்று குறைத்தால் 1728. இது 6, 12, 18 மூன்றாலும் வகுபடும். அந்த மூன்றும் 7, 13, 19-ஐவிட ஒன்று குறைவானவை. இதனால் 2 மட்டுமில்லை, 1729-ஓடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் மீதி 1 வரும். எளிய சோதனை இங்கே முழுதாக ஏமாந்துவிடுகிறது. இப்படிப்பட்ட எண்களை கார்மைக்கேல் எண்கள் என்பார்கள். மிகச் சிறியது 561.

மில்லரும் ரேபினும் 1976, 1980இல் கொடுத்த சோதனை இந்த ஓட்டையை அடைக்கிறது. 1728 = 2⁶ × 27. நேராக 1728ஆம் அடுக்குக்குப் போகாமல் 27ஆம் அடுக்கில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்திக்கொண்டே போக வேண்டும்:

- 2-இன் 27ஆம் அடுக்கை 1729ஆல் வகுத்தால் மீதி 645
- 645-ஐ வர்க்கப்படுத்தி வகுத்தால் மீதி 1065
- 1065-ஐ வர்க்கப்படுத்தி வகுத்தால் மீதி 1

மாட்டிக்கொண்டது. பகா எண் என்றால், வர்க்கப்படுத்தும்போது 1 தரக்கூடியவை 1-உம், பகா எண்ணில் ஒன்று குறைந்ததும் மட்டுமே. 1065 இரண்டுமே இல்லை. ஆகவே 1729 பகா எண் இல்லை. நம்பிக்கை வராவிட்டால் கையாலேயே பாருங்கள்: 1065 × 1065 = 1134225, 1729 × 656 = 1134224. இங்கே கூடுதலாக ஒரு லாபமும் உண்டு. 1065-இல் ஒன்று குறைத்து 1064 எடுத்து, அதற்கும் 1729-க்கும் மீப்பெரு பொதுக் காரணி பார்த்தால் 133, அதாவது 7 × 19. இந்த லாபம் எல்லாப் பகு எண்ணிலும் கிடைக்காது. பெரும்பாலும் “உடையும்” என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

உறுதி எவ்வளவு? மேலே 2-ஐ எடுத்ததுபோல ஏதோ ஒரு எண்ணை அடியாக எடுத்துச் சோதித்தால், பகு எண் ஒன்று தப்பிக்கும் வாய்ப்பு அதிகபட்சம் நாலில் ஒன்று. இருபது அடிகளை வைத்துச் சோதித்தால் லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. அதுமட்டுமில்லை, 20 இலக்கத்துக்குள் உள்ள எண்களுக்கு 2 முதல் 37 வரையிலான பன்னிரண்டு பகா எண்களை அடியாக வைத்துச் சோதித்தாலே விடை சந்தேகமில்லாமல் சரி, அது நிரூபிக்கப்பட்டது.

புராஜெக்ட் செய்கிறவர்கள் ஏ.கே.எஸ். முறையைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் 2002 ஆகஸ்டில் வெளியிட்டது. வாய்ப்புக் கணக்கு எதையும் நம்பாமல், நிரூபிக்கப்படாத ஊகம் எதையும் பிடித்துக்கொள்ளாமல், எந்த எண்ணையும் நியாயமான நேரத்தில் பகா எண்ணா என்று முடிவு செய்யலாம் என்று முதன்முதலாகக் காட்டியது அதுதான். கணிதமாக அது மகத்தானது, எழுதுவதற்கு அருமையான அத்தியாயம். ஆனால் தினசரி வேலைக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஓட்டிப் பார்த்தால் மில்லர்–ரேபினைவிட மிகவும் மெதுவாகப் போகும்.

எப்போது சிறந்தது: எண் பெரியது, காரணி தேவையில்லை. அல்லது காரணி தேடும் முன், தேடுவதில் பயன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

## வழி 5: கணினி நிரல்

12 இலக்கம் வரை அதிகம் யோசிக்க வேண்டாம். வர்க்கமூலம் 10 லட்சத்துக்குள்தான். ஒற்றை எண்களால் மட்டும் வகுத்தால் ஐந்து லட்சம் படி, பைதானில் கண் சிமிட்டும் நேரம். 20 இலக்கத்துக்கு இதே நிரலை ஓட்டினால், காரணிகள் இரண்டும் பத்து இலக்கமாக இருக்கும் பட்சத்தில் நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அங்கே பொல்லார்ட் 1975இல் கொடுத்த ‘ரோ’ முறைக்கு மாறுங்கள். சிறிய காரணியின் வர்க்கமூலம் அளவுக்குத்தான் தோராயமாக அதற்குப் படிகள் தேவை. லூக்காஸ், கோல் கதையில் வந்த எண்ணை இது சில பத்தாயிரம் படிகளில் உடைத்துவிடும். பைதானின் சிம்பை தொகுப்பில் இது தயாராகவே இருக்கிறது. 50, 60 இலக்கம் என்றால் பாரி ஜிபி என்ற இலவச மென்பொருள், சாதாரண லேப்டாப்பிலேயே போதும்.

ஒரே எண்ணுக்குப் பதிலாக 600001 முதல் வரிசையாக நூறு எண்களைப் பார்க்க வேண்டும் என்றால், ஒவ்வொன்றாகச் சோதிக்காதீர்கள். எரட்டோஸ்தனிஸ் சல்லடைதான் அங்கே சரி: 2, 3, 5 என்று ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளையும் அடித்துக்கொண்டே போனால் மிஞ்சுபவை பகா எண்கள்.

மறைமுகச் செலவுகள் இரண்டு. பைதானில் வர்க்கமூலத்துக்கு அரை அடுக்கு போட்டால் தசம எண்ணாகிவிடும். 16 இலக்கத்தைத் தாண்டினால் துல்லியம் போய்விடும். முழு எண் வர்க்கமூலக் கட்டளையையும் வகுத்தலுக்கு // குறியையும் பயன்படுத்துங்கள். சி++ எழுதுகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. சாதாரண முழு எண் 2147483647-ஓடு நின்றுவிடும் (இந்த எல்லையே ஒரு பகா எண்; 1772இல் வெளியான கடிதம் ஒன்றில் ஆய்லர் அதைச் சொல்லியிருக்கிறார்). பெருக்கும்போது எல்லையைத் தாண்டினால் தவறான மீதி வரும், நிரல் எதுவும் சொல்லாது.

எந்த நிரலுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி உருவாக்கிய 250 இலக்க ஆர்எஸ்ஏ எண் ஒன்றை 2020 பிப்ரவரியில் உடைத்தார்கள். ஒரே ஒரு கணினி மையக்கரு ஓடியிருந்தால் சுமார் 2700 ஆண்டு ஆகியிருக்கும் அளவுக்கு வேலை. அதே வகையைச் சேர்ந்த 617 இலக்க எண் ஒன்று இன்னும் உடையாமல் இருக்கிறது.

## வழி 6: இணையத்திலோ சாட்பாட்டிலோ கேட்பது

காரணிகளைக் கணக்கிட்டுத் தரும் தளங்கள் நம்பகமானவைதான். சாட்பாட் வேறு, கணக்கிடாமலே பார்க்கச் சரியாகத் தோன்றும் காரணிகளை எழுதிவிடக்கூடும். திருப்பிப் பெருக்கிப் பார்க்காமல் நோட்டில் ஏற்றாதீர்கள். அவசரத்துக்கு ஒன்பது நீக்கிப் பார்க்கலாம்: 53-க்கு 8, 11321-க்கு 8, பெருக்கினால் 64, அதாவது 1. 600013-க்கும் 1. இது பொருந்தாவிட்டால் விடை நிச்சயம் தவறு. பொருந்தினாலும் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம், அதனால் முழுப் பெருக்கலைத் தவிர்க்க முடியாது. அப்புறம் ஒவ்வொரு காரணியும் பகா எண்தானா என்றும் பார்க்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | எதுவரை | என்ன விடை | மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| கையால் வகுத்தல் | 6 இலக்கம். சிறிய காரணிகள் என்றால் நீளம் பொருட்டில்லை | காரணிகள், நிரூபணத்தோடு | பகா எண் என்றால் கடைசிவரை ஓட வேண்டும் |
| கால்குலேட்டர் | 10 இலக்கம் | சிறிய காரணிகள் | அடைப்புக்குறியைப் பகா எண் என்று எடுத்துக்கொள்வது |
| வர்க்க வித்தியாசம் | காரணிகள் நெருங்கியிருந்தால் எதுவும் | இரண்டு காரணிகள் | நெருக்கமா என்று முன்பே தெரியாது |
| மில்லர்–ரேபின் | நூற்றுக்கணக்கான இலக்கம் | பகா எண்ணா இல்லையா மட்டும் | பொதுவாகக் காரணி கிடைக்காது |
| கணினி நிரல் | லேப்டாப்பில் சுமார் 60 இலக்கம் | எல்லாக் காரணிகளும் | தசமத் துல்லியம், எல்லை மீறல் |
| இணையம், சாட்பாட் | தளத்தைப் பொறுத்தது | சொன்னதுதான் விடை | சரிபார்க்கும் வேலை உங்களுடையது |

## யார் எதை எடுக்கலாம்?

பள்ளிப் பிள்ளைகள்: வகுத்தலும், 1001 முறையும், வர்க்க வித்தியாசமும். கால்குலேட்டரை விடை சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி., ரயில்வே, வங்கித் தேர்வு எழுதுகிறவர்கள்: மீதி, கடைசி இலக்கம், காரணிகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு முதலிடம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் எண்ணை முழுதாக உடைக்கத் தேவையே வராது. கொடுத்த விடைகளை 9ஆலும் 11ஆலும் வகுத்துப் பார்த்தாலே பெரும்பாலும் இரண்டு மூன்று கழிந்துவிடும்.

நிரல் போட்டிக்குத் தயாராகிறவர்கள்: 20 இலக்கத்துக்குள் மில்லர்–ரேபினும் பொல்லார்ட் ரோவும் சேர்ந்தால் போதும். முதலில் சோதனை, பகா எண் இல்லை என்று உறுதியான பிறகு மட்டும் ரோ. வரிசையை மாற்றினால், பகா எண் ஒன்றைக் கொடுத்ததும் ரோ இல்லாத காரணியைத் தேடிக்கொண்டே ஓடும்.

கல்லூரி புராஜெக்ட் செய்கிறவர்கள்: எல்லா வழிகளையும் ஒரே புராஜெக்ட்டில் திணிக்காதீர்கள். வகுத்தல், வர்க்க வித்தியாசம், ரோ என்ற மூன்றை எடுத்துக்கொண்டு 600011, 600013, 600039, 1022117 என்ற நான்கு எண்களிலும் ஓட்டி, படிகளின் எண்ணிக்கையை அட்டவணையாகப் போடுங்கள். 600011 பகா எண் என்பதால் ரோவிடம் அதற்குக் காரணி கிடைக்காது. அந்தக் கட்டத்தை மில்லர்–ரேபினை வைத்து நிரப்ப வேண்டியிருக்கும். ஏன் அப்படி என்று விளக்கும்போது உங்கள் மூன்றாவது அத்தியாயம் தானாகவே எழுதப்பட்டுவிடும்.